காற்று டேங்க் வைத்து ஏற்றத்தில் காருக்கு பவர் கூட்ட முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார். செங்கோட்டைப் பக்கம் புளியரையிலிருந்து கேரள எல்லை தாண்டி ஆரியங்காவுக்கு ஐந்து பேரோடு ஏறும்போது திணறுகிறதாம். டிக்கியில் காற்று டேங்க் வைத்து, ஏற்றத்தில் மட்டும் இன்ஜினுக்குத் திறந்துவிட்டால் என்ன என்கிறார்.

பவர் கூடும். டர்போவும் சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கத்தானே செய்கிறது? ஆனால் இன்ஜின் குடிக்கிற காற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 லிட்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்குச் சுமார் 30 லிட்டர் இழுக்கும். அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் பாதி வேண்டுமென்றால் 45 லிட்டர். அத்தனையும் டேங்கிலிருந்தே வரவேண்டும். ஃபில்டர் பக்கத்தை வால்வு போட்டு அடைக்காவிட்டால் காற்று வந்த வழியே வெளியே போய்விடும். 50 லிட்டர் டேங்கில் 10 பார் அடைத்தால் கிடைப்பது 500 லிட்டர். பத்து வினாடி. ஒரு வளைவு தாண்டாது.

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். செங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்த புதிதில், மச்சானோடு சேர்ந்து இரண்டரை லிட்டர் டீசல் ஜீப்பில் கம்ப்ரெஸரின் 100 லிட்டர் டேங்கைக் கட்டிக்கொண்டு எஸ் வளைவில் ஏறினோம். வால்வைத் திறந்ததும் சைலன்சரில் கரும்புகை சட்டென்று வெளுத்தது, வண்டி முன்னால் தாவியது. மச்சான் வாய்விட்டு எண்ணினான். பன்னிரண்டு எண்ணுவதற்குள் முடிந்தது. டேங்க் அழுத்தத்தைக் குறைத்து விடும் ரெகுலேட்டரைத் தொட்டால் ஐஸ் மாதிரி சில்லென்று, நீர் கோத்து வழிந்தது. நல்லபடியாகக் கட்டாத பிரஷர் டேங்கோடு மலை ஏறியதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. தயவுசெய்து யாரும் பழைய கேஸ் சிலிண்டரை வெல்டிங் வைத்து இதற்கு முயலாதீர்கள்.

பெட்ரோல் காரில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலும் கூடவேண்டும், பெட்ரோலை அளந்து விடும் ஈ.சி.யூ.வுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) அந்த பூஸ்ட் கணக்கு தெரியாது. கலவை மெலிந்து நாக்கிங் (கலவை கண்டபடி வெடித்துத் தட்டுவது) வந்தால் பிஸ்டனே போய்விடும்.

சில வினாடி போதும் என்கிற இடத்தில் இந்த யோசனை அருமையானது. 2016-இல் வோல்வோ தன் டி5 டீசலில் பவர்பல்ஸ் என்று கொண்டுவந்தது. வெறும் 2 லிட்டர் டேங்க்தான். அந்தக் காற்றை எக்ஸாஸ்ட் பக்கம் அடித்து டர்போவைச் சுழலவிடுவார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ விழிக்க எடுக்கும் அந்த நேரத்தை மட்டும் அது நிரப்புகிறது. பஸ், லாரிக்கு க்னோர்-பிரெம்ஸே என்ற ஜெர்மன் பிரேக் கம்பெனி செய்த பூஸ்டர், ஏர் டேங்கிலிருந்து இன்டேக்கிலேயே காற்றை அடிக்கும். அவை கம்பெனியில் கணக்குப் போட்டுச் செய்தவை. அதைப் பார்த்து நம் லாரிக்காரர்கள் பிரேக் டேங்கில் டியூப் போட்டுவிடக்கூடாது. இறக்கத்தில் பிரேக்குக்குக் காற்று இருக்காது.

சட்டமும் இடம் தராது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான்.

'வலிவு போரா' (இழுவை போதவில்லை) என்று வரும் மலையாளி டிரைவர்களின் வண்டியில் நான் முதலில் கழற்றுவது ஏர் ஃபில்டரை. ஒருமுறை தட்டினேன், வைக்கோல் தூசி ஒரு கைப்பிடி கொட்டியது. அதைப் பாருங்கள், பிளக்கைப் பாருங்கள், கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். புளியரை தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டு இரண்டாம் கியரில் ஏறுங்கள். அப்படியும் திணறினால் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு, நாலு சிலிண்டர் ரீடிங்கையும் இங்கே போடுங்கள்.