கடைக் கணினி தானே திறக்கட்டும், கடன் கணக்கு திறக்க வேண்டாம்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆட்களின் 555 புத்தக (கடன் எழுதிவைக்கும் சின்ன நோட்டு) கணக்கையெல்லாம் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) உள்ள கணினியில் ஏற்றிவிட்டேன். இடிமழையில் மின்சாரம் போய் வந்தால் கணினி பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடுகிறது. நான் வெளியே போயிருந்தால் கடைப் பையன் திணறுகிறான். பாஸ்வேர்டு இல்லாமலே திறக்க வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் உங்கள் சொந்த யூசருக்கு (கணினியில் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு) வைக்காதீர்கள். வைத்தால், பட்டனை அமுக்குகிற எவரும் உங்கள் கோப்புகளைத் திறந்துவிடலாம். எந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி என்பது கல்லாப் பக்கம் வந்து நிற்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். சம்பள நாள்வரை உங்களை நம்பிச் சாமான் வாங்குகிறவர்களின் மானம் அதில் இருக்கிறது.

மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன், அதற்குள் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் போய், கடைக்கென்று ஒரு புது யூசரைச் சேருங்கள். வகை ஸ்டாண்டர்ட் ஆக இருக்கட்டும்; அட்மினிஸ்ட்ரேட்டர் கூடாது. அதற்கும் ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு அதே அட்மினிஸ்ட்ரேஷனில் லாகின் விண்டோ திறந்து, யூசர்ஸ் பகுதியில் ஆட்டோமேட்டிக் லாகின் என்ற இடத்தில் அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் என்றால் செட்டிங்ஸில் யூசர்ஸ் பகுதியிலேயே இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. கணினியை நிறுவியபோது டிஸ்க் என்கிரிப்ஷன் (வட்டு முழுவதையும் பாஸ்வேர்டால் பூட்டுவது) போட்டிருந்தால், அந்தப் பாஸ்வேர்டை மட்டும் ஒவ்வொரு முறையும் அடித்தே ஆக வேண்டும்.

இதன்பின் பிரவுசர் திறக்கும்போது 'கீரிங்' பாஸ்வேர்டு கேட்கலாம். பழுது இல்லை. சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகம் அது. நீங்கள் லாகின் பாஸ்வேர்டு அடிக்கும்போதுதான் கூடவே திறக்கும். இப்போது யாரும் அடிப்பதில்லை, அதனால் கேட்கிறது. பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் செயலியில் 'லாகின்' பெட்டகத்தின் பாஸ்வேர்டை வெறுமையாக்கினால் தொல்லை நிற்கும். பூட்டும் போய்விடும் என்பதால், கடை யூசரில் வங்கிப் பாஸ்வேர்டு எதையும் சேமிக்கவே கூடாது.

கடன் கணக்குக் கோப்பு உங்கள் யூசரில் மட்டும் இருக்கட்டும். பையன் 555 புத்தகத்தில் எழுதட்டும். இரவில் நீங்கள் ஏற்றிக்கொள்ளுங்கள். வேறு யூசரில் இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகித் தொடங்கினால் அதைத் தாண்டிவிடலாம். ஆகவே லிப்ரே ஆபீஸில் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது, பாஸ்வேர்டுடன் சேமிக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்பே மறையாக்கம் ஆகி, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாததாகிவிடும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியில்லை. எழுதி வீட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள்.

மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டுமென்றால் அது லினக்ஸ் வேலை இல்லை. பயாஸில் (லினக்ஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மின்தடைக்குப் பின் என்ன செய்வது என்ற அமைப்பு பல மேசைக் கணினிகளில் உண்டு. 'பவர் ஆன்' ஆக்குங்கள். மின்சாரம் போனால் வேலையை மீட்க உதவும் லிப்ரே ஆபீஸின் ஆட்டோ ரெகவரி சேமிப்பு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அதை 2 நிமிடமாகக் குறைத்து, மின்தடையில் சிறிது நேரம் கணினியைத் தாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.