இரண்டு மொழி, ஒரு குழந்தை

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பையனுக்கு ஒன்றரை வயது. என்னிடம் தமிழில் 6 சொல், பாட்டியிடம் கேண்டனீஸில் 7 சொல்தான் பேசுகிறான். தமிழை நிறுத்தச் சொல்கிறார் மாமியார். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. நீங்கள் தனித்தனியாக எண்ணுவதுதான் குழப்பம். 'தண்ணி' ஒன்று, கேண்டனீஸில் அதே தண்ணிக்குச் சொல்லும் 'சோய்' ஒன்று, இரண்டையும் கூட்டுங்கள். 13 சொல் இந்த வயதுக்குப் போதும்.

எண்ணும்போது சத்தத்தை மட்டும் கேட்காதீர்கள், அவன் யாரைப் பார்க்கிறான் என்றும் கவனியுங்கள். கேண்டனீஸில் 'மாமா' என்றால், ராகத்தைப் பொறுத்து, அம்மாவும் ஆகலாம், அப்பாவைப் பெற்ற பாட்டியும் ஆகலாம். நமக்கோ அது உங்கள் தம்பி! ஒரே சத்தத்தில் மூவரைக் கூப்பிட்டால் அது மூன்று சொல். குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, ஒரு வாரம் வீட்டார் எல்லாரும் எழுதட்டும்.

'இன்னும் ஃபான்' என்று சோறு கேட்டால் திருத்த வேண்டாம். கலப்பாக இருந்தாலும் இரு சொல் சேர்ந்த வாக்கியம் அது. "இன்னும் சோறு வேணுமா?" என்று தமிழில் திருப்பிச் சொன்னால் போதும். கைப்பேசிப் பாட்டு இதற்கு ஈடாகாது.

இரண்டு வயதில் இரு மொழியும் சேர்த்து 50 சொல் வராவிட்டாலோ, சொற்களைச் சேர்க்காவிட்டாலோ அரசாங்க கிளினிக்கில் காட்டி, காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, பேசிய சொல் மறைகிறது என்றால் அதுவரை காத்திருக்கக் கூடாது. 18 மாத ஊசிக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.