சோலோவில் மட்டும் விமானம் துள்ளுவது ஏன்?

கேள்வி: என் மகள் செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தில் விமானியாகப் பயிற்சி பெறுகிறாள். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது ஒழுங்காகத் தரையிறக்கும் மாணவர்கள்கூட, சோலோவில் (தனியாக ஓட்டும்போது) ரன்வேயில் துள்ளி முன்சக்கரத்தை உடைத்துவிடுகிறார்களே, ஏன்?
- ஒரு தாய், சேலம்

பதில்: முதலில் எடையைப் பாருங்கள். செஸ்னா 152-ன் அதிகபட்ச எடையே 757 கிலோதான். 75 கிலோ பயிற்றுநர் இறங்கிவிட்டால், பத்தில் ஒரு பங்கு போன மாதிரி. தரையிறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடினாலும் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) இறக்கியபின் 55 முதல் 65 நாட் (மணிக்குச் சுமார் 100 முதல் 120 கி.மீ.) போதும். பயத்தில் 75 வைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

ரன்வே தீர்ந்துவிடுமோ என்று யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) முன்னால் தள்ளுவதில்தான் வினையே. முன்சக்கரம் முதலில் இடிக்கும், மூக்கு எகிறும், மாணவர் மறுபடி தள்ளுவார். விமானம் அசைந்து முடித்தபிறகே கை அசைவதால் துள்ளல் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாகும். மூன்றாவது, நான்காவது துள்ளலில் முன்சக்கரத் தண்டு மடங்கி ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும்.

ஆகவே பெரிதாக ஒருமுறை துள்ளினாலே கோ-அரவுண்ட்தான், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது. த்ராட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டும் பிடி) முழுக்க உள்ளே, கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தருவது) ஆஃப், ஃப்ளாப் 20 டிகிரி, வேகம் 55 நாட். இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர் பெடலை (வாலிலுள்ள சுக்கானைத் திருப்புவது) மிதிக்க வேண்டும். இறங்குவதற்காக வைத்த ட்ரிம் (யோக்கைப் பிடிக்கும் பளுவைக் குறைக்கும் அமைப்பு) முழு பவரில் மூக்கைத் தூக்கிவிடும். யோக்கை முன்னால் அழுத்தி மூக்கைத் தாழ்த்திப் பிடித்து வேகத்தைக் காக்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்வான உயரத்திலேயே ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது). மிச்ச ஃப்ளாப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். ஒரேயடியாக ஏற்றினால் விமானம் தொப்பென்று அமிழும்.

கோ-அரவுண்டை ஆயிரம் அடியில் பழகினால் மட்டும் போதாது. சக்கரம் தரையைத் தொடப்போகும் உயரத்திலிருந்தும் பழக்கச் சொல்லி, சோலோவுக்கு முன்பே உங்கள் மகள் பயிற்றுநரிடம் கேட்கட்டும். தயங்கவே வேண்டாம்.

கேள்வி: ப்ரொப்பெல்லர் நுனி மட்டும் வளைந்தால், அதை மாற்றிவிட்டுப் பறக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: கூடவே கூடாது. அடியின் அதிர்ச்சி கிராங்க் ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சின் தண்டு) வழியாக எஞ்சினின் பின்பக்கம் வரை போகும். 152-ல் இருப்பது லைகாமிங் எஞ்சின். அதில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைப் பல்சக்கரத்தை ஒரு போல்ட்டும் சின்ன டவல் பின்னும் (துளைக்குள் செருகும் உலோகத் தண்டு) மட்டும்தான் பிடித்திருக்கின்றன. கேம் ஷாஃப்ட்டையும் (வால்வுகளைத் திறப்பது) மேக்னெட்டோவையும் (எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறி தருவது) சுழற்றுவது அந்தப் பல்சக்கரம். அந்த டவல் பின்னில் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. பிறகு ஒருநாள் நடுவானில் அறுந்தால் எஞ்சின் அப்படியே நின்றுபோகும். எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, அந்த போல்ட்டையும் பின்னையும் சோதித்த பதிவு லாக் புத்தகத்தில் ஏறிய பிறகே அந்த விமானத்தில் ஏற வேண்டும்.