மினிமம் கட்டினால் போதுமா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு பிரிட்ஜும் பிள்ளைகளுக்குத் துணியும் கிரெடிட் கார்டில் எடுத்தோம். 40,000 ரூபாய் ஆனது. பில்லில் போட்டிருக்கும் மினிமம் தொகை 2,000 ரூபாயை ஐந்து மாதமாகத் தவறாமல் கட்டுகிறேன். இன்னும் 38,000 சொச்சம் நிற்கிறது. கார்டு வைத்திருப்பதே பாவம் என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் கணக்கு, அப்புறம் பாவம்.

பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதம். கேட்க சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு 42 சதவீதம். 40,000-க்கு ஒரு மாத வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 252 ரூபாய். ஆக, நீங்கள் கட்டிய 2,000-ல் அசலுக்குப் போனது வெறும் 348 ரூபாய். பத்தாயிரம் கட்டியும் கடன் அசையாததற்குக் காரணம் இதுதான். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, சிபில் ஸ்கோரில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) தவணை தவறியதாகப் பதியாது. அவ்வளவுதான் அதன் பயன்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய பாக்கி இருக்கும்வரை, 45, 50 நாள் வட்டியில்லாத சலுகை உங்களுக்குக் கிடையாது. இன்றைக்கு அதே கார்டைத் தேய்த்துப் பால் வாங்கினால், பாலுக்கும் இன்றிலிருந்தே வட்டி. எனவே பாக்கி தீரும்வரை கார்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். பல வருஷத்துக்கு முன் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. 18,340 ரூபாய் பில்லுக்கு 18,300 கட்டினேன். நாற்பது ரூபாய்தானே என்று விட்டதில், வாங்கிய தேதியிலிருந்து வட்டி போட்டு, அடுத்த பில்லில் அறுநூற்றுச் சொச்சம் ஏறியிருந்தது.

கடனை மலிவான கடனாக மாற்றுவதுதான் இப்போதைக்கு வழி. வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் வட்டி இதில் கால்வாசி அளவில்தான் வரும். நகை போடாத சபையைச் சேர்ந்தவர் என்றால், மொத்த பாக்கியையும் ஈஎம்ஐயாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியிடம் கேளுங்கள். பெரும்பாலும் வட்டி நன்றாகக் குறையும். பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, வட்டிக்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகு சம்மதியுங்கள்.

இனி அந்த அக்கா சொன்னது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற நீதிமொழிகள் 22:7-ஐ மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். கடன் வாங்கினவன் நிலை என்ன ஆகும் என்று அந்த வசனம் சொல்கிறது. உங்கள் 348 ரூபாய்க் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் கடன் வாங்க வருகிறவனுக்கு முகங்கோணாதே என்று மத்தேயு 5:42-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார். வாங்குவதே பாவம் என்றால் கொடுக்கச் சொல்லியிருப்பாரா? எலிசாவிடம் அழுதுகொண்டு வந்த விதவையையும் பாருங்கள் (2 இராஜாக்கள் 4). கடன்காரன் பிள்ளைகளையே அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி அவளைத் திட்டவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கவும், மீந்ததில் பிழைக்கவும் சொன்னார். நானும் அந்த வரிசையைத்தான் சொல்கிறேன். சம்பளம் வந்ததும் முதல் செலவு கார்டு பாக்கி.

கேள்வி: தசமபாகத்தை கிரெடிட் கார்டில் கொடுக்கலாமா? சபையில் கியூஆர் வைத்திருக்கிறார்கள். ரூபே கார்டை யுபிஐயில் இணைத்திருக்கிறேன்.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டுகிறவர் என்றால் கொடுங்கள். பணம் உங்கள் கணக்கில் இருக்கிறது, கார்டு வெறும் வழி. பாக்கி நிற்கிறது என்றால் நீங்கள் கொடுப்பது வங்கியின் பணம். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12-ல் பவுல் எழுதியிருக்கிறார். நூறு ரூபாய்தான் இருக்கிறதா, நூறைப் போடுங்கள். ரிவார்டு பாயின்ட்டுக்காகக் காணிக்கையை கார்டில் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தப்பு என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் கார்டில் செல்போன் வாங்கிக் கொடு, மாதாமாதம் தந்துவிடுகிறேன் என்று மச்சான் கேட்கிறார். மறுத்தால் வீட்டில் சண்டை.
- வாசகர், மதுரை

பதில்: பில் உங்கள் பெயரில் வரும், சிபிலும் உங்களுடையது. அடுத்தவர் கடனுக்குப் பிணைப்பட்டவன் படுக்கையையே இழப்பான் என்று நீதிமொழிகள் 22 எச்சரிப்பது இந்த மாதிரி மச்சான்களை நினைத்துத்தானோ என்னவோ. உங்களால் இழக்க முடிந்த ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்தால் சந்தோஷம்.

கேள்வி: கார்டை மூடச் சொன்னால் வேறு சலுகை பேசி இழுத்தடிக்கிறார்கள்.
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு, மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 7 வேலைநாளுக்குள் மூட வேண்டும். தாண்டினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மின்னஞ்சலில் அந்த விதியையும் ஒரு வரி குறிப்பிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.