இங்கிலாந்திலிருந்து கடல் கடந்த மூதாதையர்: கேட்டவர்களும் என் பதில்களும்

என் மாமியார் வீட்டுக்காரர்கள் மாசசூசெட்ஸ் ஆட்கள். அவர்கள் இங்கிலாந்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்று தேட ஆரம்பித்துப் பதினைந்து வருடம் ஆகிறது. அந்தக் கிறுக்கு தெரிந்தவர்கள் கேட்டதால் இந்தக் கேள்வி பதில். எனக்குத் தெரிந்தது இங்கிலாந்தும் அதன் காலனிகளும் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, என் மனைவியின் முன்னோர் ஒருவர் 1630-களில் பாஸ்டன் பக்கம் வந்தவர், பெயர் ஜான் ஸ்மித். எந்தக் கப்பல், எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

தம்பி, முதலில் கப்பலை மறந்துவிடுங்கள். கப்பல்காரர்கள் பயணிகள் பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதே 1819-ல்தான். 1630-களில் லண்டன் துறைமுகத்தில் எழுதி வைத்த சில பதிவுகள், முக்கியமாக 1635-ஆம் வருடத்தவை, தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதில் பெயர் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தமில்லை.

1620-க்கும் 1640-க்கும் நடுவில் நியூ இங்கிலாந்துக்கு (பாஸ்டன் இருக்கும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) ஏறக்குறைய 20,000 பேர் வந்தார்கள். நிறையப் பேர் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தாரோடும், சில சமயம் ஊர்ப் பாதிரியாரோடும் சேர்ந்தே கிளம்பியவர்கள். அதனால் ஜானைத் தேடாதீர்கள், ஜானைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள்: பக்கத்து நிலம் யாருடையது, உயிலில் சாட்சிக் கையெழுத்து யார், பெண் எடுத்த வீடு எது. அவர்களில் ஒருவருடைய ஊர் கிடைத்தால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாசசூசெட்ஸில் ஹிங்காம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருக்கும் ஹிங்காமிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர் அது. ஆபிரகாம் லிங்கனின் முன்னோரான சாமுவேல் லிங்கனும் 1637-ல் அந்த நார்ஃபோக் ஊரிலிருந்து வந்து இந்த ஹிங்காமில் குடியேறியவர்தான்.

ஊர் பிடிபட்ட பிறகு சர்ச் பதிவேடு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லி ராஜா எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டது 1538-ல். 1598-லிருந்து வருடாவருடம் ஒரு நகல் பிஷப்புக்குப் போக வேண்டும் என்று விதி வந்தது, ஆகவே மூலம் பூச்சி அரித்துப் போயிருந்தால் பிஷப் நகலைத் தேடுங்கள். 1642-லிருந்து 1660 வரை, உள்நாட்டுப் போரும் அதற்குப் பின்னான குழப்பமும், பல ஊர்களில் ஏடே ஓட்டையாக இருக்கும். அப்புறம் உயில்கள். ஊரிலேயே தங்கிவிட்ட பெரியப்பா, கடலுக்கு அப்பால் இருக்கும் தம்பி மகனுக்குப் பத்து பவுண்டு எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு வரி போதும். உயில்களைப் பதிவு செய்த கான்டர்பரி பேராயரின் சர்ச் நீதிமன்றத்து உயில்கள் 1384 முதல் 1858 வரை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. நான் இரண்டு வருடம் ஒரு தாமஸ் பின்னாலேயே அலைந்தேன். வயது பொருந்தியது, அப்பா பெயர் பொருந்தியது, மாமியாரிடம் சொல்லிக் கேக் கூட வெட்டியாயிற்று. அப்புறம்தான் அடக்கப் பதிவைப் பார்த்தேன். அந்தத் தாமஸ் மூன்று வயதில் இறந்துபோன குழந்தை. ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் துள்ளாதீர்கள், அடக்கப் பதிவைப் பாருங்கள்.

கேள்வி: மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். கணவரின் பாட்டனாருக்குப் பாட்டனார் கைதியாக வந்தவராம். வீட்டில் பேசவே கூச்சப்படுகிறார்கள்.

கூச்சம் எதற்கு, உங்களுக்கு அடித்தது யோகம்! 1788-லிருந்து 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் சுமார் 1,62,000 பேர். உயரம், கண் நிறம், பச்சை குத்தியது, தொழில், சொந்த ஊர் என்று அரசாங்கம் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறது. சொந்தச் செலவில் கப்பலேறிய நல்லவரைத் தேடுவதுதான் கஷ்டம். விசாரணை லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்திருந்தால் வழக்கு விவரம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களும் ரொம்ப நிமிர வேண்டாம், கைதிகளை நாடு கடத்தும் 1718 சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய 50,000 கைதிகள் அங்கேயும் போனார்கள், பெரும்பாலும் மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும்.

கேள்வி: எங்கள் குடும்பச் சின்னம் என்று கடையில் ஒரு கேடயப் படம் விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். சின்னம் ஆளுக்குக் கொடுப்பது, குடும்பப் பெயருக்கு அல்ல.

கேள்வி: கொள்ளுப்பாட்டி வழி அயர்லாந்து...

என் எல்லை இல்லை. 1922-ல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தது, அந்தக் கதை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, கல்யாணம் 1640 ஏப்ரல், முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் 1640 பிப்ரவரி என்று ஒரே ஏட்டில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே பிறந்த குழந்தையா?

பாவம் அந்தப் பெண், விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 1751 வரை வருடம் பிறந்தது மார்ச் 25-ல். அதனால் 1640 பிப்ரவரி என்பது 1640 ஏப்ரலுக்குப் பின்னால் வருவது. சித்திரையில் கல்யாணம், அதே வருடம் மாசியில் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், குழப்பமே இல்லை. இன்றைய கணக்கில் அது 1641. குறிக்கும்போது 1640/41 என்று எழுதுங்கள்.

கேள்வி: தமிழ் வருடம் பிறப்பது தையில். சித்திரை என்று எப்படிச் சொல்லலாம்?

ஐயா, இது அதற்கான இடம் இல்லை.

கேள்வி: அதே தேதி விஷயம். 1752-ல் பழைய காலண்டரை விட்டுப் புதியதுக்கு மாறியபோது 11 நாளைத் தூக்கினார்களே, அதையும் சேர்த்துத்தானே மாற்ற வேண்டும்? பிறந்தநாள் தப்பாகிவிடாதா?

தப்பாகாது. 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது, உண்மைதான். அதற்காக ஏட்டில் இருப்பதை மாற்றி எழுதினால், பிறகு பார்ப்பவருக்கு நீங்கள் கூட்டினீர்களா இல்லையா என்றே தெரியாது. இருப்பதை இருப்பது போலவே எடுங்கள்.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மட்டும் மாற்றினார்களே?

ஆமாம், 1731 பிப்ரவரி 11 என்று எழுதியது 1732 பிப்ரவரி 22 ஆனது. அவர் அந்த மாற்றத்தின்போது உயிரோடு இருந்தவர். உங்கள் ஆள் 1690-ல் செத்தவர், அவருக்கு எதற்கு? அதுவும் 1700-க்கு முன்னால் இரண்டு காலண்டருக்கும் வித்தியாசம் 11 நாள் இல்லை, 10. இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், நால்வருக்கும் இதுதான் பதில். மாதங்களைப் பெயர் சொல்லாமல் எண்ணால் எழுதிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஏட்டில், 1752-க்கு முன்னால் 'முதல் மாதம்' என்றிருந்தால் அது மார்ச், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தை விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

வராது.

கேள்வி: எங்கள் பக்கத்து மூதாதையர் அதே காலத்தில் மெட்ராஸ் வந்த இங்கிலாந்துக்காரர். அதைப் பற்றி?

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, அங்கே போங்கள். மெட்ராஸ் கோட்டை செயின்ட் மேரி சர்ச்சில் பதிவான முதல் கல்யாணம் 1680-ல், மாப்பிள்ளை பிறகு மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேல். அவர் பிறந்தது பாஸ்டனில்! சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது, பிறகுதான் மெட்ராஸ். போனவர்கள் எல்லாம் போன இடத்திலேயே இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: எந்தக் கப்பலில் வந்தார் என்று...

முதல் பதில்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் போட்ட வம்ச மரம் எங்களை இங்கிலாந்து ராஜா வரைக்கும் கொண்டுபோகிறது.

ஏடு எங்கே என்று அவரிடம் கேளுங்கள். குஸ்தாவ் அன்ஜூ என்று ஒருவர் பணக்கார அமெரிக்கர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளி செய்து கொடுத்தார், 1942-ல் இறந்தார், அவர் கட்டிய முன்னோர்கள் இன்றைக்கும் மரம் மரமாகத் தொங்குகிறார்கள்.

கேள்வி: அக்கா, மறுபடியும் ஜான் ஸ்மித் ஆள்தான். நீங்கள் சொன்னபடி பக்கத்து நிலத்துக்காரரைப் பிடித்தேன், அவருக்கு ஊர் சஃபோக்கில். அந்த ஊர்ப் பதிவேட்டில் சரியான வயதில் மூன்று ஜான் ஸ்மித் இருக்கிறார்கள்!

மூன்றுதானா, பரவாயில்லை. மூவருக்கும் அதே ஊரில் அடக்கமோ கல்யாணமோ இருக்கிறதா பாருங்கள். அங்கேயே இருந்து செத்தவர்களை அடித்துவிட்டு மிச்சம் எத்தனை என்று எழுதுங்கள்.