தம்பி போனால் சம்பாத்தியம், அக்கா போனால் ஊர்ப்பேச்சா?

கேள்வி: எனக்கு 27 வயது, எட்டாவது பாஸ், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை. தம்பி பஹ்ரைனுக்கு போட் வேலைக்குப் போனபோது வீடே கூடி வழியனுப்பியது. நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்றால் 'பொம்பளப் பிள்ளை தனியாவா' என்கிறார்கள். ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புவதாகச் சொல்கிறார். போகலாமா?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: போவது உங்கள் விருப்பம், அதை ஊர் தீர்மானிக்க வேண்டாம். ஆனால் விசிட் விசாவில் மட்டும் போகாதீர்கள் சகோதரி. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற வகை, வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும், 30 வயது ஆகாத பெண்ணுக்கு அதைத் தருவதில்லை. அதே எட்டாவது படித்த ஆணுக்கு இந்த வயசுக் கணக்கு கிடையாது. பெண்களின் பாதுகாப்புக்கு என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை, ஏனென்றால் நேர்வழியை அடைத்து உங்களை அந்த ஏஜென்ட் வாசலில் நிறுத்தியிருப்பதே இந்த விதிதான்.

விசிட் விசாவில் போனால் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்காது, வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கான 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கிடைக்காது. தம்பியோடு படகில் நம் ஊர்க்காரர் நாலு பேர் இருப்பார்கள், சம்பளம் வராவிட்டால் சேர்ந்து கேட்பார்கள். உங்களுக்கோ வேலை பார்ப்பதும் தூங்குவதும் முதலாளி வீட்டுக்குள்தான். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு என்று குவைத்தில் 2015-லேயே சட்டம் வந்துவிட்டது, சரி, பூட்டிய வீட்டுக்குள் வந்து அதை யார் பார்ப்பது?

முதலில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுங்கள். பாஸானால் ஈ.சி.ஆர். கட்டுப்பாடே போய்விடும், வீட்டு வேலை தவிர வேறு வேலைக்கும் வழி திறக்கும். அப்புறம் சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

கேள்வி: கணவர் பல வருஷமாக சவுதியில். வீடு கட்டியது, கடன் அடைத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது எல்லாம் நான். பத்திரம் மட்டும் அவர் பெயரில். கேட்டால் தப்பா?
- குளச்சல் வாசகி

பதில்: தப்பே இல்லை, இன்றைக்கே கேளுங்கள். அனுப்பிய பணத்தை வீடாக்கியது உங்கள் உழைப்பு. பாதிப் பங்கை உங்கள் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள், அவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரம் அனுப்பலாம். இனி வாங்கும் மனையை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு.