மிளகாய் எரிச்சலும் நீர்ப்பை எரிச்சலும்

கேள்வி: எனக்கு வயது 36. விருதுநகர் பக்கம் பள்ளி ஆசிரியை. மூன்று வருடங்களாக அடிவயிற்றில் வலி. நீர் சேரச் சேர வலி ஏறும். போய்வந்தால் அடங்கும், முக்கால் மணியில் திரும்ப அதே கதை. பகலில் பதினைந்து தடவை, இரவில் மூன்று, நான்கு. முதல் யூரின் கல்ச்சரில் ஈ.கோலை கிருமி இருந்தது. பிறகு எடுத்த ஆறு கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. ஸ்கேன் நார்மல். ஆனாலும் போகிற இடமெல்லாம் ஆன்டிபயாடிக்தான். கடைசியாகப் பார்த்த டாக்டர் இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார். மருந்துக் கடையில், "இது மனநோய் மாத்திரை ஆச்சே" என்றார்கள். நான்கு நாளில் நிறுத்திவிட்டேன். வலி என் மனப்பிரமையா டாக்டர்? மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு இணைத்துள்ளேன்.

பதில்: பிரமை இல்லை. அதற்குச் சாட்சி நீங்கள் அனுப்பிய அந்தக் கணக்குத்தாளிலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை காலை 8.10க்கு 80 மில்லி, 8.50க்கு 60, இடைவேளையில் 90. செவ்வாய் இரவு ஜலதோஷ மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கியதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். புதன் காலை 5.40க்கு 340 மில்லி. இந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்தது. 340 மில்லி பிடிக்கிற பை சுருங்கிப்போன பை அல்ல. சாதாரணமாக 150, 200 மில்லி சேர்ந்த பிறகுதான் முதல் உணர்வே வரும். உங்களுக்கு 60 மில்லியிலேயே 'நிரம்பிவிட்டது, தாங்காது' என்று சேதி போகிறது. சேதி கொண்டுபோகும் நரம்பில்தான் கோளாறு.

நீர்ப்பையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்நரம்புகளில் இரண்டு ரகம். மெல்லிய உறை போர்த்திய ஏ-டெல்டா இழைகள் அன்றாட வேலைக்காரர்கள். பை விரிவதை அமைதியாகச் சொல்லிக்கொண்டிருப்பவை. உறையில்லாத சி இழைகளில் பல சாதாரண நாட்களில் தூங்கிக்கொண்டிருக்கும். கடுமையான தொற்றோ அழற்சியோ வந்தால் விழித்துக்கொள்ளும். மூன்று வருடம் முன்பு உங்கள் ஈ.கோலை செய்தது அதுவாக இருக்கலாம். கிருமி போய்விட்டது, எழுப்பப்பட்ட நரம்புகள் மறுபடி தூங்கப் போகவில்லை. இல்லாத கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து என்ன பயன்?

மிளகாயைக் கடித்தாலும் 'எரியுது' என்கிறோம், நீர் போகும்போதும் 'எரியுது' என்கிறோம். பொருத்தமான சொல்தான். அந்த சி இழைகளில் டிஆர்பிவி1 என்றொரு ஏற்பி (தூண்டலை வாங்கி நரம்பை உசுப்பும் கதவு) உண்டு. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் நாக்கில் தட்டுவதும் இதே ஏற்பியைத்தான். 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் அமிலமும்கூட அதைத் திறக்கும். இதை 1997இல் அடையாளம் கண்டது அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு. ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 'உடம்புச் சூடு' என்று சொல்லிக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிவிடும் பாட்டிமாரின் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சூட்டைச் சொல்லும் நரம்பு கத்தும்போது அது சூடாகத்தான் தோன்றும். அந்தப் பேச்சு தப்பில்லை.

விழித்த நரம்பு மேலே சேதி சொல்வதோடு நிற்பதில்லை. தன் நுனியிலிருந்து 'சப்ஸ்டன்ஸ் பி' போன்ற பொருட்களைப் பையின் சுவருக்குள்ளேயே கக்கும். அங்கிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு அணுக்கள் அதனால் தூண்டப்பட்டு, ஒவ்வாமையில் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியிடும். ஹிஸ்டமின் திரும்ப நரம்பைச் சீண்டும். கிருமியே இல்லாமல் ஓடுகிற சக்கரம் இது. (ஜலதோஷ மாத்திரைகளில் பெரும்பாலும் ஹிஸ்டமினை அடக்கும் மருந்து இருக்கும். அன்று உதவியது அதுவா, வெறும் தூக்கமா என்று ஒரே இரவை வைத்து நான் சொல்ல மாட்டேன். நீங்களாக அதைத் தினமும் போட ஆரம்பித்துவிடாதீர்கள்.)

சேதி வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மாறிவிடுகிறது. காயத்துக்குப் பிறகு தண்டுவடமே கூர்மையாகிவிடுவதை 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டினார். கோயில் கொடையில் மைக் செட்காரர் வால்யூமைத் திருகிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், மைக் முன்னால் யாராவது செருமினாலும் ஊருக்கே கேட்கும் அல்லவா? அப்படித்தான். குடல், கருப்பை, நீர்ப்பை மூன்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்வதால் ஒன்றின் தொல்லை மற்றொன்றில் கேட்கும். மலச்சிக்கலோ மாதவிலக்கு வலியோ இருந்தால் அதையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து என்பது உண்மை. அதற்குப் பொதுவாக 75 மி.கி.க்கு மேல் தேவைப்படும். உங்களுக்கு எழுதியது 10. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலிச் சேதியை அமுக்கும் நரம்புப் பாதை ஒன்று இருக்கிறது. இந்த மருந்து அதற்குப் பலம் சேர்க்கிறது. ஹிஸ்டமினையும் தடுக்கிறது. நான்கு நாளில் ஒன்றும் தெரியாது, நான்கைந்து வாரம் வேண்டும். முதல் வாரம் வாய் வறளும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும், மலச்சிக்கல் கூடலாம். இதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்த நோய், கர்ப்பத் திட்டம், வேறு மாத்திரைகள் ஏதாவது இருந்தால் எழுதிய டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

யூடியூப் பார்த்து, இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்கிறீர்களா? செய்தால் இன்றே நிறுத்துங்கள். வருடக்கணக்கில் வலியைத் தாங்கி இறுகிப்போன இடுப்புத்தளத் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். நீங்கள் கற்க வேண்டியது தளர்த்துவதை. இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் மதுரையில் கிடைப்பார். அதுவரை இரவில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது வயிறு உயர, ஆசனவாய்ப் பக்கம் தளர்வதைக் கவனித்துப் பழகுங்கள். 'பஸ் ஏறும் முன் எதற்கும் ஒரு தடவை' என்று போகும் பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வாரத்துக்குப் பத்து நிமிடம் இடைவெளி கூடினால் போதும். காபி, எலுமிச்சை, தக்காளி, காரம் எல்லோருக்கும் ஆகாது என்பதில்லை. இரண்டு வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

ஒன்றிரண்டு சோதனை பாக்கி. யூரின் ரிப்போர்ட்டில் பஸ் செல் (Pus cell, சீழ் அணு) எத்தனை என்று பாருங்கள். கல்ச்சரில் ஒன்றும் வளராமல் பஸ் செல் மட்டும் அதிகம் என்றால் நம் நாட்டில் முதலில் காசநோயைத் தேட வேண்டும். அதற்கு வேறு சிறுநீர்ச் சோதனை உண்டு. யூராலஜிஸ்டிடம் ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பியும் (குழாய்க் கருவியால் நீர்ப்பையின் உள்ளே பார்ப்பது) பார்த்துவிடுங்கள். 1915இல் ஹன்னர் என்ற மருத்துவர் விவரித்த ஒருவகைப் புண் சிலருக்குப் பையின் சுவரில் இருக்கும். இருந்தால் அதை மட்டும் சுட்டு எடுத்தாலே பலருக்கு வலி வெகுவாகக் குறைகிறது.

நீரில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, நீர் அடைத்துக்கொள்வது, தொடை நடுவே மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துக் கடையில் திரும்பக் கேட்டால் 'நரம்பு வலிக்கு' என்று சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள். ஆறு வாரம் கழித்து இதேபோல் மூன்று நாள் கணக்கு எடுத்து அனுப்புங்கள், ஓரத்துக் குறிப்புகளோடு.